பந்தயக் காருக்கும் ஒட்டுசுட்டான் வானுக்கும் ஒரே வரியா?

ஒரு கணக்கைச் சொல்கிறேன். வாசகர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் தயாரித்த 718 கேமன், இருவர் மட்டுமே அமரக்கூடிய, 300 குதிரைவலுக் கொண்ட கார். அதன் இயந்திரக் கொள்ளளவு 1,988 கனசென்ரிமீற்றர். ஜப்பானின் டொயோட்டா நோவா எட்டுப்பேர் வரை செல்லக்கூடிய பெற்றோல் வான். அதன் கொள்ளளவு 1,986. ஐந்தாண்டுத் தடைக்குப்பின் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திறக்கப்பட்டபோது, 1,800 முதல் 2,000 வரையான பெற்றோல் வாகனங்களுக்கு ஒரு கனசென்ரிமீற்றருக்கு 7,700 ரூபா உற்பத்தி வரி என்று வர்த்தமானி கூறியது. பெருக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறத்தாழ 1 கோடியே 53 இலட்சம். வித்தியாசம் 15,400 ரூபா!

கேமனை வாங்குபவர் அடிப்படை விலையோடு நிற்பதில்லை. பீங்கான் தடுப்புத்தட்டு, வர்ணம் தீட்டிய இருக்கைப்பட்டி, தலைசாய்வில் பொறித்த நிறுவனச் சின்னம், ஏன், காரின் நிறத்திலேயே ஒரு திறப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இவற்றில் ஒன்றுகூட உற்பத்தி வரியில் ஒரு சதத்தையும் கூட்டாது. சொகுசு வரி பெறுமதியைப் பார்க்கிறதே என்பார்கள். பார்க்கிறதுதான், ஆனால் பெற்றோல் வாகனத்துக்கு அதன் எல்லை 50 இலட்சம். சரிந்துபோன ரூபாவில் புதிய குடும்ப வானே அந்த எல்லையில் முட்டி நிற்கிறது.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் ஒட்டுசுட்டான் சந்தியில் நின்றவர்களுக்கு வான் என்றால் என்னவென்று தெரியும். முத்தையன்கட்டுப் பக்கத்தில் இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டோட அயலவரின் வாகனத்தைத்தான் தேடுகிறார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சிறிதளவு பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டிய பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிய மண் இது. (அந்தப் புகையின் மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.) இங்கே வாகனம் சொகுசு என்று எந்த அறிஞர் முடிவு செய்தார்?

முடிவு செய்தவர்கள் அந்த வரியைக் கட்டியவர்கள் அல்லர் என்பதே என் கோபம். பாராளுமன்ற உறுப்பினர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. எம்மவரும் கைநீட்டி வாங்கினர். அப்பத்திரங்கள் பெருந்தொகைக்குக் கைமாறியது ஊரறிந்த கதை. 2024 இல் வந்த அரசு அதை நிறுத்துவதாகக் கூறியது, நல்லது. ஆனால் கனசென்ரிமீற்றர் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டது.

செல்வந்தரிடம் வரி அறவிடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. திறப்புக்கு வர்ணம் பூசக் காசிருப்பவரிடம் இன்னும் கூடவே வாங்குங்கள். உற்பத்தி வரியைக் கொள்ளளவில் அன்றி, பெறுமதியிலும் இருக்கைகளின் எண்ணிக்கையிலும் கணியுங்கள். திறைசேரிக்கு வருமானம் குறையும் என்று அதிகாரிகள் சொல்வார்கள். குறையும் தொகையைக் கேமன்காரரின் விருப்பப் பட்டியலில் தேடிப் பார்த்தார்களா?