பட்டன் போனுக்கு 'நெட்' எதற்கு?

சுரண்டைப் பக்கம் பீடி சுற்றும் ஆச்சிகள் பலர் கையில் இருப்பது பட்டன் போன். வெளியூர் போன மகனிடம் "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்க அது போதும்.

அதில் 'நெட்' பார்ப்பதில்லை. ஆனால் ரீசார்ஜ் போட்டால் 'நெட்'டுக்கும் சேர்த்துத்தான் காசு! அதுவும் 28 நாள் பேக் என்றால், வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை!

இதற்கு வழி பிறந்து நாளாயிற்று. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டும் தனி பேக் தர வேண்டும், 365 நாள் வரை தரலாம் என்று 2024 டிசம்பரில் 'டிராய்' உத்தரவு போட்டது. கம்பெனிகளும் 2025 ஜனவரியில் அப்படியே கொண்டுவந்தன.

அப்போது ஏர்டெல்லில் 365 நாள் பேச்சு பேக் 1,849 ரூபாய். 28 நாள் பேக் 199 ரூபாய். 13 தடவைக்கு 2,587. மிச்சம் 738 ரூபாய்! மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு 84 நாள் பேக் 469 ரூபாய்க்கு வந்தது.

விலை மாறும், உரிமை மாறாது. ஆனால் கேட்டால்தானே கிடைக்கும்?

ரீசார்ஜ் கடைக்காரர்கள் இந்தப் பேக்கின் அன்றைய விலையைத் தமிழில் எழுதித் தொங்கவிட வேண்டும். அதுவரை, "நெட் வேண்டாம் தம்பி, பேச மட்டும் எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்!