கோழி நோயை மறைக்காதீர்கள்!

"எங்க சேவல் ரெண்டு நாளா தூங்குதுக்கா!"

வியாசர்பாடி குழாயடியில் கேட்கும் பேச்சு இது. வெட்டிப் பேச்சு அல்ல, எச்சரிக்கை!

வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டே காலி. குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி போடுவதுதான் வழி. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு, கால்நடைத் துறை முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள்.

சிலர் என்ன செய்கிறார்கள்? கோழி தலையைத் தொங்கப்போட்டதும் சத்தமில்லாமல் விற்றுவிடுகிறார்கள்! செத்ததைச் சாக்கடையில் வீசுகிறார்கள்! நோய் தெரு முழுக்கப் பரவுகிறது.

நாலு முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் தாய்க்கு யார் பதில் சொல்வது?

நோய் கண்டால் ஒதுக்கிக் கட்டுங்கள். செத்தால் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். முக்கியமாக, பக்கத்து வீட்டில் வாய் திறந்து சொல்லுங்கள். அதில் என்னங்க வெட்கம்?