படபடக்கும் நெஞ்சும் மூலிகைக் குளிசையும்

மலையகப் பெருந்தோட்டங்களில் தாய்சேய் நலம் பற்றிப் பேசப்படுகின்ற அளவுக்கு, பிள்ளைப்பேற்றுப் பருவத்தைக் கடந்துவிட்ட பெண்ணின் நலம் பற்றிப் பேசப்படுவதில்லை. கர்ப்பிணியைத் தேடி லயன் வாசலுக்கே வரும் குடும்பநல உத்தியோகத்தர், அதே பெண் ஐம்பது வயதை அண்மித்து, மாதவிடாய் ஒழுங்கு குலைந்து, இரவில் வியர்த்து விழித்து, காரணம் புரியாமல் நெஞ்சு படபடக்கக் கொழுந்துக் கூடையுடன் மலையேறும்போது அவளைத் தேடி வருவதில்லை. இந்த வெற்றிடத்தையே இன்று மூலிகைக் குளிசை வியாபாரம் நிரப்பத் தொடங்கியுள்ளது.

'ஓமோன் சமநிலை', 'இதயத்துக்குப் பலம்' என்ற வாசகங்களுடன் இத்தகைய குளிசைகள் கைத்தொலைபேசி விளம்பரங்கள் ஊடாகவும் நகரக் கடைகள் ஊடாகவும் பெண்களை வந்தடைகின்றன. இந்தச் சந்தை உலகளவில் விரிவடைந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓமோன் சிகிச்சை ஆய்வு 2002 ஜூலையில் இடைநிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் இதயநோயும் பக்கவாதமும் அதிகரிப்பதாகக் கண்டமையே காரணம். அறுபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அந்த ஆபத்து குறைவு என்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டின. ஆயினும் அன்று பரவிய அச்சத்தை மூலிகை வணிகம் நன்கு பயன்படுத்திக் கொண்டது. அவ்வாறு புகழ்பெற்ற பிளெக் கோஹொஷ் எனும் வேர், மாதவிடாய் நிறுத்தத் தொல்லைகளைத் தணிக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லையெனக் கொக்ரேன் மீளாய்வு 2012 இல் கூறியது. ஈரல் பாதிப்பு எச்சரிக்கையை அதன் பொதியில் அச்சிட வேண்டுமென அவுஸ்திரேலியா 2006 இலேயே பணித்திருந்தது.

நாம் மூலிகை மருத்துவத்துக்கு எதிரானவர்கள் அல்லர். சித்தம், யுனானி, ஆயுர்வேதம் ஆகியவை 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் அங்கீகாரம் பெற்றவை. சாத்தாவாரியும் மருதம்பட்டையும் தலைமுறைகளாக நம்மவர் அறிந்தவை. இதயநோய்க்கு இன்றும் வழங்கப்படும் டிகொக்சின் கூட டிஜிற்றாலிஸ் என்ற செடியினத்திலிருந்து கிடைத்ததே. ஆனால் இதே உண்மைக்கு மறுபக்கமும் உண்டு. வேலியோரம் பூத்து நிற்கும் மஞ்சள் அலரியின் நஞ்சும் அதே வகையைச் சேர்ந்தது. அது இதயத் துடிப்பையே நிறுத்த வல்லது என்பதை இந்நாட்டு வைத்தியசாலைகள் நன்கறியும். மூலிகை என்றால் பக்கவிளைவே இல்லை எனச் சொல்பவர் ஒன்றில் அறியாதவர், அல்லது விற்பவர்.

தோட்டங்களைப் பொறுத்தவரை உண்மையான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. நெருக்கமான லயன் அறைகளில் சிறுவயதில் தொற்றும் தொண்டை அழற்சி, கவனிக்கப்படாதபோது வாதக்காய்ச்சலாகி இதய வால்வுகளைச் சிதைத்துவிடுகிறது. அவ்வாறு பாதிக்கப்பட்ட பெண் நடுவயதில் துடிப்பு ஒழுங்கீனத்துக்கு டிகொக்சினும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரினும் உட்கொள்பவளாக இருக்கலாம். இந்த இரு மருந்துகளும் கத்தி முனையில் நடப்பவை. அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தீங்கே. ஓமோனுக்கு நல்லதென விற்கப்படும் அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் உடலில் பொட்டாசியம் குறைந்து குருதியமுக்கம் உயரும். டிகொக்சின் பாவிப்போருக்கு அது துடிப்பைத் தடுமாறச் செய்யும். மனச்சோர்வுக்கென விற்கப்படும் சென் ஜோன்ஸ் வோர்ட் இவ்விரு மருந்துகளின் வலுவையும் குறைத்துவிடும். சமையலில் தீங்கற்ற உள்ளியும் இஞ்சியும், செறிவான குளிசையாகும்போது வார்ஃபரினுடன் சேர்ந்து குருதிக்கசிவை ஏற்படுத்தலாம்.

மருந்தெதுவும் உட்கொள்ளாத பெண்ணுக்கு இழப்பு வேறுவகையானது. மாதவிடாய் நிற்கும் காலத்துப் படபடப்பு பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் இரத்தசோகை, தைரொயிட் கோளாறு, பக்கவாதத்தில் முடியக்கூடிய துடிப்பு ஒழுங்கீனம் ஆகியனவும் அதே படபடப்பாகவே வெளிப்படுகின்றன. ஒரு குருதிப் பரிசோதனையும் ஒரு ஈ.சி.ஜி.யும் இவற்றைப் பெரிதும் பிரித்துக் காட்டிவிடும். உணவுடன் பருகும் சாயத்தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது என்பது, தேயிலையே வாழ்வாகிப்போன இம்மக்களிடம் யாரும் சொல்லாத செய்தி. மூன்று மாதம் குளிசையை நம்பிக் காத்திருப்பவள் இழப்பது பணத்தை மட்டுமல்ல.

மலையக நகரங்களின் முஸ்லிம் சகோதரிகளும் இதற்கு விலக்கல்லர். கருஞ்சீரகத்தின் மீது அவர்கள் கொண்ட நம்பிக்கை மார்க்கம் சார்ந்தது, அதை மதிக்கிறோம். ஆனால் அது குருதியமுக்கத்தையும் சர்க்கரையையும் ஓரளவு குறைக்க வல்லது. அவற்றுக்கு ஏற்கெனவே மருந்தெடுப்பவர் வைத்தியரிடம் அதனைக் கூறுவதே முறை. மாதவிடாய் நின்றபின் ரமழான் முழுவதும் இடைவெளியின்றி நோன்பு நோற்கும் பெண்ணுக்கு, மருந்து நேரங்களை மாற்றியமைக்கும் ஆலோசனை முன்கூட்டியே கிடைத்தாக வேண்டும்.

2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம், மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட உற்பத்திகளையும் தனது வரம்பினுள் கொண்டுவந்தது. ஆனால் கைத்தொலைபேசியில் கட்டளையிட்டுத் தபாலில் வந்து சேரும் பொதியைச் சட்டப் புத்தகம் வழியில் மறித்து நிறுத்துவதில்லை. உள்ளடக்கமும் எச்சரிக்கையும் தமிழில் அச்சிடப்படாத குளிசையை வாங்க மறுப்பது நம் கையில் உண்டு.

35 வயதைக் கடந்த பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இந்நாட்டில் இயங்கி வருகின்றன. குருதியமுக்கம், சர்க்கரை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றை அங்கு பார்க்கிறார்கள். அங்கேயே மாதவிடாய் நிறுத்தம் பற்றித் தமிழில் இரண்டு கேள்வியும், 'வேறு என்ன குளிசை, கஷாயம் எடுக்கிறீர்கள்?' என்ற மூன்றாவது கேள்வியும் கேட்கப்பட வேண்டும். திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைப்பவரே அதிகமென்பதால், கேட்கும் தொனியும் முக்கியமானது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் அமைக்கப்பட்ட 150 படுக்கை வைத்தியசாலை 2017 மே மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. ஆனால் தொலைவிலுள்ள ஒரு டிவிசனிலிருந்து அங்கு போய்த் திரும்ப ஒரு பகல் தேவை. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோதும், மலைக்குப் போகாதவளுக்கு அன்று 'பேர்' இல்லை. கிளினிக் அட்டையைக் காட்டும் தொழிலாளிக்கு அரைப்பேராவது போட வேண்டும் என்ற கோரிக்கையைத் தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுசெல்லட்டும்.