துரைக்கு லைசென்சு! உழவனுக்கு?

சைக்கிளுக்கு லைசென்சு இருந்தது. நம் அப்பன்மார் அறிவர். ரேடியோவுக்கு லைசென்சு இருந்தது, அதையும் அறிவர். புலியைச் சுட, காட்டெருமையை வீழ்த்த, மானை மாய்க்க லைசென்சு இருந்ததே, அதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிய மாட்டோம், தோழர்களே! அது நமக்காக அச்சடித்த காகிதமல்ல. கோட்டும் குல்லாயும் அணிந்தவருக்காக அச்சடித்தது.

1879இல் நீலகிரிக்கென்றே ஒரு சட்டம் செய்தது வெள்ளைத் துரைத்தனம். எந்தப் பருவத்தில் வேட்டையாடக் கூடாது என்று குறிக்கும் அதிகாரம் அதிலே ஆளுநருக்குத் தரப்பட்டது. விலங்கின் மீது கருணை என்று எண்ணிவிட வேண்டாம். இந்த ஆண்டே எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்துவிட்டால் அடுத்த ஆண்டு துரைமகனார் எதைச் சுடுவார்? அந்தக் கவலை!

வெள்ளையன் போனான், லைசென்சு போகவில்லை. 1972இல் டில்லிப் பாராளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செய்தபோதும், சிறப்பு வேட்டைக்கு ஒன்று, பெருவேட்டைக்கு ஒன்று, சிறுவேட்டைக்கு ஒன்று, பொறி வைத்துப் பிடிக்க ஒன்று என நால்வகை லைசென்சு அதிலே இடம் பெற்றிருந்தது. 1991இல் வந்த திருத்தம்தான் அவற்றை எடுத்தெறிந்தது. நல்ல காரியம். பொழுதுபோக்குக்காக உயிரைப் போக்கும் உரிமை எவனுக்கும் வேண்டாம். போன லைசென்சு திரும்ப வேண்டும் என்று எவரேனும் கேட்டால், முதலில் எதிர்ப்பவர் நாமாகத்தான் இருப்போம்.

ஆனால் துரையின் வேட்டையைத் தடுத்த சட்டம், உழவனின் வயிற்றைக் காத்ததா? அதைத்தான் கேட்கிறோம். கேட்கும் இடம் ஓசூர்.

ஓசூர் என்றால் இன்று ஆலைகள், சிப்காட், சங்கொலிகள். சற்றே தெற்கே தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, உரிகம் என்று போனால் காடு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் 1954இல் வெளியிட்ட வேட்டை நூலில், ஜவளகிரி ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்ட கதை முதற்கதையாக நிற்கிறது. உலகெங்கும் படித்தார்கள், வியந்தார்கள். ஆட்கொல்லியை அழித்தவரைக் குறை கூறோம். ஆனால் அந்தக் காட்டோரத்தில் தலைமுறை தலைமுறையாக இரவெல்லாம் விழித்துக் கேழ்வரகு காத்தவனின் கதையை எழுதியவர் எவர்? படித்தவர் எவர்?

ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் வேளையில் கர்நாடகத்துப் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் புறப்படுகின்றன. ஜவளகிரி வழியாக வந்து, சானமாவுக் காட்டிலே தங்கி, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையைத் தாண்டி, வேப்பனப்பள்ளிப் பக்கம்வரை போகின்றன. அதே வேளையில்தான் கேழ்வரகு கதிர் முற்றுகிறது. யானை வராத நாட்களில் காட்டுப்பன்றி வருகிறது. கடலையைக் கிளறுகிறது, கிழங்கைத் தோண்டுகிறது. யானைமுகன் என்று கற்பூரம் காட்டினாலும் கதிர் மிஞ்சுவதில்லை; வராக அவதாரம் என்று வணங்கினாலும் கடலை மிஞ்சுவதில்லை.

எத்தனையோ வீடுகளில் அப்பன் பரண் மீது, மகன் பட்டறையில் இரவு ஷிப்டு. அப்பன் தகரம் தட்டுகிறான். மகன் இரும்பு தட்டுகிறான். இருவருக்கும் உறக்கமில்லை. விடிந்ததும் கொல்லையிலே மிஞ்சுவது வெறுந்தாள் என்றால், மகனின் கூலியிலிருந்துதான் அரிசி வாங்க வேண்டும். தொழிலாளித் தோழனே, அது உழவன் பிரச்சினை, நமக்கென்ன என்று எண்ணாதே. உன் வீட்டுப் பிரச்சினை அது.

சட்டம் என்ன சொல்கிறது? யானை முதல் அட்டவணையில் இருக்கிறது. மனித உயிருக்கு ஆபத்தானது, அல்லது தேறவே முடியாத நோயோ ஊனமோ கொண்டது, அதைப் பிடிக்கவோ வேறிடம் மாற்றவோ வழியே இல்லை என்றால்தான், மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம். பயிரை அழித்தது என்பது காரணமாகாது. மீறி வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை. யானையைச் சுட வேண்டும் என்று நாமும் கேட்கவில்லை. அதன் தடத்திலே நெடுஞ்சாலை போட்டவர்கள் நாம். அது நம் சாலைக்கு வந்ததல்ல.

காட்டுப்பன்றி வேறு. அது இரண்டாம் அட்டவணை. நிற்கும் பயிருக்குக் கேடு செய்தாலே அனுமதி தரலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. கேரளம் 2022இல் அந்த அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025 சனவரியில் அரசு ஒரு முடிவெடுத்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர்வரை பன்றியைச் சுடக் கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கிலோமீட்டரைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம்.

முடிவெடுத்ததை வரவேற்கிறோம். எந்த வழியும் இல்லாத இடத்தில் ஒரு வழி பிறந்தது. ஆனால் அஞ்செட்டிக்கும் உரிகத்துக்கும் போய்ப் பாருங்கள்! காட்டு எல்லையும் கொல்லை வேலியும் ஒன்றையொன்று உரசி நிற்கும் ஊர்கள் அவை. பன்றி முதலில் நுழைவது அந்தக் கொல்லையில். கடைசியில் வெளியேறுவதும் அந்தக் கொல்லையிலிருந்து. மூன்று கிலோமீட்டர் தள்ளியிருப்பவனுக்குத் துப்பாக்கிக் காவல்; காட்டோரத்தானுக்குப் பொறுமைப் பாடமா? அவனுக்கு வேறு காவல் உண்டு என்று சொல்ல வேண்டாமா?

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 2023 மார்ச்சில், பக்கத்துத் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளி அருகே, சட்டத்துக்குப் புறம்பாகப் போட்ட மின்வேலியிலே சிக்கி 3 யானைகள் மாண்டன. 2 குட்டிகள் தாயை இழந்து நின்றன. மின்வேலி போட்டவனை நாம் ஆதரிக்கவில்லை. அது குற்றம், விலங்கைக் கொன்ற அதே கம்பி நாளை மனிதனையும் கொல்லும். ஆனால் நேர்வழியில் நெடுநாள் நின்றும் கதவு திறக்காவிட்டால், குறுக்குவழி தேடும் கை பிறக்கிறது. கையை விலங்கிடுவது எளிது. கதவைத் திறப்பதுதான் அரசியல்.

அந்தக் கதவின் சாவி எங்கே? பெரும்பகுதி டில்லியில்! அரசியல் சட்டம் எழுதியபோது காடும் காட்டு விலங்கும் மாநிலப் பட்டியலில் இருந்தன. 1976 சனவரி 31இல் கழக ஆட்சி கலைக்கப்பட்டது. அதே ஆண்டில், நெருக்கடி நிலையின் இருட்டில் வந்தது 42ஆவது திருத்தம். கல்வி போனது, காடு போனது, காட்டு விலங்கும் பொதுப்பட்டியலுக்குப் போனது. நம் பிள்ளை எந்தத் தேர்வெழுத வேண்டும் என்பதைச் சொல்லும் அதே டில்லிதான், நம் கொல்லைப் பன்றி தீங்குயிரா இல்லையா என்பதையும் சொல்கிறது. பயிருக்குத் தீங்கானது என்று ஒரு விலங்கை அறிவிக்கும் 62ஆம் பிரிவு அதிகாரம் மத்திய சர்க்காரிடம். 2015 இறுதியில் பீகாரின் நீலமானுக்கு அறிவிப்பு வந்தது. 2016இல் உத்தரகாண்டின் காட்டுப்பன்றிக்கு வந்தது. கேரளம் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டது டில்லி. உத்தரகாண்டுப் பன்றி உழுதால் தீங்கு, கேரளப் பன்றி உழுதால் திருவிளையாடலா?

ஆகவே நாம் கேட்பவை நான்கு. கதிர் முற்றுமுன், ஒவ்வோர் ஆண்டும், ஓசூர் வனக்கோட்டமும் கர்நாடக வனத்துறையும் ஒன்றாக உட்கார்ந்து யானைப் பருவத்துக்குத் திட்டம் போட வேண்டும்; எல்லைக்கோடு மனிதனுக்குத்தான், யானைக்கு இல்லை. காட்டோரத்து முதல் கிலோமீட்டர்க்காரனுக்கு அரசு செலவில் அகழியும் வேலியும் காவலும் வேண்டும். இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன் கைக்கு வர வேண்டும். அறுத்தபின் வரும் மழை எவனுக்கு உதவும்? காடும் காட்டு விலங்கும் மீண்டும் மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும்.

துரைக்கு வேட்டை விளையாட்டு. அதற்குப் பருவம் குறித்தார்கள், திட்டம் வகுத்தார்கள், லைசென்சு அச்சடித்தார்கள். உழவனுக்கு இது வாழ்வு. விளையாட்டுக்குப் போட்ட திட்டத்தை வாழ்வுக்குப் போட மாட்டோம் என்றால், அது என்ன ஆட்சி, அது என்ன சட்டம்?

பரணில் அமர்ந்திருப்பவன் தகரம் தட்டுகிறான். தோழர்களே, அந்த ஓசை டில்லிக்குக் கேட்க வேண்டும். கேட்க வைப்பது நம் வேலை!