மாலையைக் கழற்றிய மறுநாள்

குடிகாரனுக்குப் புத்தி சொல்வதைப் போலச் சுலபமான காரியம் நம் நாட்டில் வேறொன்றும் கிடையாது. செலவில்லை, படிப்பு வேண்டியதில்லை, சொல்லி முடித்ததும் நாம் யோக்கியர் என்கிற திருப்தி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. "மனசிலே உறுதி வேண்டும், ஐயா!" என்கிறோம். அவன் தலையாட்டுகிறான். கோயிலில் கயிறு கட்டிக்கொள்கிறான். பெற்ற குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறான். பத்தாம் நாள் மறுபடி விழுந்து கிடக்கிறான். உடனே நமக்குக் கோபம் பொங்குகிறது. சத்தியத்தை மீறின பாவி!

இந்தக் கோபத்துக்கு நமக்கு யோக்கியதை இல்லை என்பது என் கட்சி.

எங்கள் தெருவில் ஒருவர், பெயர் வேண்டாம். கார்த்திகை பிறந்ததும் ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொள்வார். ஒரு மண்டலம் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றின மறுநாள் கடை வாசலில் நிற்பார். "பார்த்தீரா, நினைத்தால் நிறுத்த முடிகிறதே! திமிர்தானே இது?" என்கிறார்கள் ஊரார். நான் கேட்கிறேன்: அந்த ஒரு மண்டலம் அவருக்கு என்னென்ன இருந்தன? விடியுமுன் எழுப்பிக் குளிக்கச் சொல்ல ஒரு குருசாமி இருந்தார். கால்கள் கடைப்பக்கம் இழுக்கிற அந்திப் பொழுதில் பஜனை இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பத்துச் சாமிகள் இருந்தார்கள். பெண்டாட்டி முதல் பெட்டிக்கடைக்காரர் வரை அவரைச் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். மாலையோடு சேர்த்து இத்தனையையும் கழற்றிக்கொண்டு, மனிதரைத் தன்னந்தனியே நிறுத்தி, "எங்கே உன் உறுதி?" என்று விசாரிக்கிறோம். அந்த மண்டலம் அவருடைய உறுதிக்குச் சாட்சி அல்ல. துணையின் பலத்துக்குச் சாட்சி.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவரும் ஒரு குடிகாரர்தாம். அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒரு பங்கு வியாபாரி. குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. 1935 மே மாதத்தில் ஆக்ரன் என்ற ஊருக்குப் போன வியாபாரம் முறிந்து, ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலை; இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோனை எடுத்துப் பாதிரிமார்களைக் கூப்பிட்டார். உபதேசம் கேட்கவா? இல்லை, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார்! கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியர். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த அந்த டாக்டர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூனுக்குப் பிறகு, 1950ல் சாகிற வரையில் அவர் குடிக்கவில்லை. இப்படிப் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்கிற சங்கம்.

சென்னையில் அவர்களுடைய கூட்டம் ஒன்றுக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். வெளியாரும் வரலாம் என்று அறிவித்த கூட்டம் அது. குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டங்கள் வேறு உண்டு. பள்ளிக்கூடக் கட்டடம். வாசலில் விசாரித்தோம். "குடிகாரங்க மீட்டிங்கா? பின்பக்கம் போங்க சார்" என்று காவல்காரர் சிரித்தார். என் நண்பர் அங்கேயே நின்றுவிட்டார். மூன்று மாதம் யோசித்து, விலாசம் தேடிப் பிடித்து வந்தவர். ஒரு சிரிப்பு அவரைத் திருப்பியனுப்பப் பார்த்தது. காவல்காரரை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் சிரித்தது நம் எல்லாருடைய சிரிப்பு. ஆண்பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், குடிக்கு அடிமையான ஒரு பெண்பிள்ளை அந்த வாசலைத் தாண்டுவது எப்படி?

உள்ளே பெஞ்சிகள், தேநீர், முப்பது பேர். கட்டணம் இல்லை, குடியை நிறுத்த ஆசை இருந்தால் அங்கத்தினர். செலவுக்கு அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். வெளியார் காசை வாங்குவதில்லை. ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, நான் குடிநோயாளி என்று சொல்லித் தம் கதையைச் சொன்னார்கள். ஒருவரும் ஒருவருக்கும் புத்தி சொல்லவில்லை! என்ன கேட்டேன் என்பதை எழுதமாட்டேன். அங்கே பேசியது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கதை எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெரிய சோதனைதான், இருக்கட்டும்.

"இதெல்லாம் பலிக்குமா?" என்று கேட்கும் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 27 ஆராய்ச்சிகளைச் சீர்தூக்கி 2020ல் முடிவு வெளியிட்டது. இந்தக் கூட்டங்களுக்கு முறையாக ஆற்றுப்படுத்தும் சிகிச்சை, குடியை அறவே விட்டிருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிடத் தாழ்ந்ததல்ல, மேலானதே என்று கண்டார்கள். 'கடவுள் பேச்சு வருகிறதே' என்பவர்களுக்கு: நாஸ்திகர்களும் அந்த பெஞ்சியில் உட்காருகிறார்கள். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. நாள் தவறாமல் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் டாக்டரிடம் போக வேண்டும், பிறகு கூட்டம்.

2003ல் நம் சர்க்கார் சில்லறை மதுக்கடைகளைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கியது. கடைக்கு வழி கேட்டு யாரும் மூன்று மாதம் அலைய வேண்டியதில்லை. குடி வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு என்று அந்தக் கடைப் பலகையிலேயே எழுதியும் வைக்கிறார்கள். எழுதுகிற கையோடு, பக்கத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் கூட்டம் நடக்கிறது என்று இன்னும் இரண்டு வரி எழுதட்டும். எங்கள் தெருக்கோடிக் கடைக்கு வர்ணச் செலவு என்னுடையது.