வரைபடத் தூரமும் வழித் தூரமும்



சென்ற வாரம் மதரஸாவில் வரைபடத்தை விரித்துவைத்து, தூரம் கணக்கிடும் முறையை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். சென்னை விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோ மீட்டர். அவ்வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானம் உரிய உயரத்தை எட்டியபின் மணிக்குச் சுமார் 500 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும்.

“அப்படியானால் 43 நிமிடம் போதுமே, ஹஜ்ரத்! பயணச்சீட்டில் ஒரு மணிக்கு மேல் போட்டிருக்கிறார்களே?” என்று ஒரு மாணவர் வினவினார்.

நல்ல கேள்வி. பயணச்சீட்டில் காணும் நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல், சென்றடைந்த இடத்தில் முற்றிலும் நிற்பது வரையிலான நேரம் அது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் இராது. எதிர்க்காற்றை நோக்கி இறங்க வேண்டியிருப்பதால், சில வேளை சுற்றி வரவும் நேரும். வான்வழியும் அடிக்கோல் வைத்துக் கீறிய கோடு போல் இருப்பதில்லை. இவற்றோடு, வெளிநாட்டுப் பயணமாதலால் சுமார் மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையம் சென்றுவிட வேண்டும். ஆக, வீட்டுக்கு வீடு கணக்கிட்டால் அரை நாள் ஆகிவிடுகிறது.

அந்த அரை நாள் எத்துணைப் பெரிய வசதி என்பதைப் பழைய கதை அறிந்தோர் உணர்வர். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு வந்தது. பின்னாளில் அச்சேவை நின்றது. போர்க் காலத்தில் பலாலி இராணுவத் தளமாயிற்று. 2019 அக்டோபரில்தான் அது பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் தொடங்கிய சென்னைச் சேவை, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று.

இடைப்பட்ட காலத்தில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் 645 கிலோ மீட்டர் தெற்கே கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 400 கிலோ மீட்டர் சாலையில் வர வேண்டியிருந்தது. 355 கிலோ மீட்டருக்கு ஆயிரம் கிலோ மீட்டர்ப் பயணம்! போர் நடந்தபோது அந்தச் சாலையும் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் தமக்கை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தார். 2016ஆம் ஆண்டு ஒருநாள் காலை அவர் மௌத்தான செய்தி வந்தது. மய்யித்தைத் தாமதமின்றி அடக்கம் செய்வது நம் முறையல்லவா? தம்பி கொழும்பு வழியாகப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கப்ரின் அருகே நின்று துஆ செய்துவிட்டுத் திரும்பினார். “கடலுக்கு அந்தப் பக்கம்தானே என்று இருந்துவிட்டேன்” என்று இன்றும் சொல்லிக் கலங்குகிறார்.

ஆகவே வாசகர்களே, தூரத்து உறவினர் உள்ளோர் பாஸ்போர்ட் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கிழமைகளில் விமானம் உண்டு என்பதை முன்னரே விசாரித்து வையுங்கள். அதைவிட, உயிரோடிருக்கும்போதே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள்.