பஸ்ஸுக்கு டெப்போ... பையனுக்கு?

லாரியும் ரிக் வண்டியும் பஸ்ஸும் ஓடுகிற சத்தத்தில் வளரும் திருச்செங்கோட்டுப் பிள்ளைகள், கம்ப்யூட்டரிலும் பஸ் கம்பெனி நடத்துவதில் ஆச்சரியமில்லை. கிறிஸ் சாயர் 1994-ல் உருவாக்கிய 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' விளையாட்டின் வழிவந்த 'ஓப்பன் டிடிடி' இலவசமாகவே கிடைக்கிறது. ரூட் போடணும், ஸ்டாப் வைக்கணும், லாபம் பார்க்கணும். மூளைக்கு நல்ல வேலைதான். நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அதில் பஸ்ஸை அவ்வப்போது டெப்போவுக்கு அனுப்பி சர்வீஸ் செய்யாவிட்டால், அடிக்கடி நடுவழியில் நின்றுபோகும். அதை மறக்காத பையன், "இந்த ஒரு ரூட் மட்டும்மா" என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பசி, தாகம், தூக்கமும் அப்படித்தான். அடக்கக் கூடாத வேகங்கள் 14 என்கிறது சித்த மருத்துவம். இந்த நான்கும் அதில் உண்டு. சிறுநீரை அடக்கினால் நீர்க்கடுப்பு. தூக்கத்தை அடக்கினால் தலைபாரம், கண் எரிச்சல்.

கம்ப்யூட்டரைப் பிடுங்காதீர்கள். "பஸ்ஸுக்கு மட்டும்தான் டெப்போவா கண்ணு?" என்று கேளுங்கள். முக்கால் மணிக்கொரு தரம் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர், நாலு நடை. ராத்திரி ஒன்பதுக்குக் கடைசி பஸ்!

செல்போனும் கையுமாக உட்காரும் அப்பாவுக்கும் இதே டைம்டேபிள்தான்.